கழுவக் கூடாத பாறை

ஜனவரி 11

அன்புள்ள அண்ணி,

இதை நீங்கள் படிப்பீர்களா, மீன் பொதிய எடுத்துக்கொள்வீர்களா என்று தெரியாது. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் நீங்கள் வேலை பார்க்கும் மீன் ஏலக்கூடத்து முகவரிக்கு எழுதுகிறேன். தபால்காரர் அங்கே மத்தியானம்தான் வருவார். அதற்குள் அண்ணன் குளத்துக்குப் போயிருப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆற்று வளைவில், துவைக்கிற பாறையிலிருந்து அண்ணனின் மீன் குளம் வரைக்கும் சிமெண்டுச் சுவர் எழுப்பப் போகிறார்கள். கரை அரிக்காமல் இருக்கவாம். அந்தக் கரையில்தான் மரவேர்களுக்கு அடியில் நீர்நாய்கள் பொந்து வைத்திருக்கின்றன. சிமெண்டு போட்டால் பொந்தும் போகும், உள்ளே இருப்பதும் போகும். அதற்கு முன்னால், அங்கே நீர்நாய் உண்டா இல்லையா என்று எங்கள் ஆய்வு மையம் பார்த்து எழுதித் தர வேண்டும். உண்டு என்றால் வளைவைத் தொட மாட்டார்கள். இல்லை என்றால் மழைக்கு முன்னால் வேலை தொடங்கிவிடும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் எங்கள் மேடம் இரண்டு பேரோடு வருகிறார். என்னைச் சேர்க்கவில்லை. "சொந்த ஊர், சொந்த அண்ணன், சொந்தச் சண்டை. நீ வேண்டாம்மா" என்றுவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான், ஆனாலும் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவர்கள் வரும்போது நீங்களும் கரைக்கு வரும் பெண்களும் அங்கே இருங்கள். இந்தக் கரை யாருக்கோ வேண்டியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும். அண்ணனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவர் என்னை வைக்கவில்லை.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 19

வாலுக்கு,

உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. வாலு என்று கூப்பிடக் கோபம் தடையில்லை.

போனை ஏன் வைக்கிறேன் என்றா கேட்கிறாய்? உன்னோடு பேச மாட்டேன் என்று உன் அண்ணனிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். மனிதர் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார், வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? ஆனால் எழுத மாட்டேன் என்று சத்தியம் வாங்க அவருக்குத் தோன்றவில்லை. ஞாபகப்படுத்த எனக்கும் தோன்றவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று என் அம்மா என்னைச் சும்மாவா சொன்னாள்?

உன் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மீனவர் சங்கத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, ஊரே கேட்க, "அந்த நீர்நாய் செத்தது உங்க வலையிலதான்" என்றாய். வலை அவருடையதுதான். செத்ததும் உண்மைதான். ஆனால் கூடத்தில் சொல்ல வேண்டியதைக் கூட்டத்தில் சொன்னால் கேட்கிறவன் காது அடைத்துப் போகும். அதற்கு அவர் "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்று கத்தியதும் சரியில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, மூக்கு நுனியில் ஒரே கோபம். நடுவில் நான்.

அவர் பக்கமும் கேட்டுக்கொள். போன பருவத்தில் குளத்துக் கெண்டையில் பாதியை உன் செல்லங்கள் தின்றுவிட்டன. தின்றால்கூடப் பரவாயில்லை, கடித்துக் கடித்துக் கரையில் போட்டுவிட்டுப் போயிருந்தன. குஞ்சிலிருந்து வளர்த்த மீன். அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கியதைப் பார்த்தவள் நான். இப்போது சுவருக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் முதல் ஆள் அவர்தான். சுவர் வந்தால் அதுகள் குளத்துக்கு ஏற முடியாதாம்.

எனக்கு உன் நீர்நாய் மேல் பாசமும் இல்லை, பகையும் இல்லை. கரை மேல் பாசம் உண்டு. ஏலம் முடிந்து உடம்பெல்லாம் செதிலோடு வந்து அந்த வேரில் உட்கார்ந்து கால் நனைத்தால்தான் எனக்கு மூச்சே வருகிறது. அங்கே சிமெண்டு பூசுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சலவைக்கார அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னால் ஊரில் தனியாக யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் வரட்டும். கவனிப்பில் குறை வைக்க மாட்டோம்.

ஒரு கேள்வி. நீ அங்கே நீர்நாய் எச்சத்தை வடிகட்டியில் கழுவிக்கொண்டிருப்பதாக ஐஸ் வண்டிக்காரர் சொல்லிச் சிரித்தார். பொய்தானே? இத்தனை வருஷம் படித்தது அதற்கா?

அண்ணி


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஐஸ் வண்டிக்காரர் சொன்னது பொய் இல்லை. பம்பு ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு அறை. ஒரு மேஜை, ஒரு குழாய், டீ வடிகட்டி. எச்சத்தை ஊறவைத்துக் கழுவினால் செதிலும் முள்ளும் நண்டு ஓடும் தனித்தனியாக நிற்கும். எந்த ஆற்றில் எது எதைத் தின்கிறது என்று அதில் தெரிந்துவிடும். வீட்டுக்கார அம்மா மட்டும் வாரம் ஒரு முறை மேலே வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எலி செத்திருக்கா பாரும்மா" என்பார். நான் கட்டிலுக்கடியில் தேடுவதுபோல் தேடுவேன்.

முன்பே எழுதியிருக்க வேண்டியது ஒன்று. நீர்நாய் லேசில் ஆள் கண்ணில் படாது. குழு தேடி வருவது அந்த எச்சத்தைத்தான். துவைக்கிற பாறையில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில், கறுப்பாகச் செதிலும் முள்ளுமாக அப்பிக் கிடக்குமே, அதுதான் சாட்சி. ஒரு குடும்பம் இங்கே இருக்கிறது, இது எங்கள் இடம் என்று அவை வைக்கும் பெயர்ப்பலகை. எத்தனை இடத்தில் இருக்கிறது, எவ்வளவு புதிது என்று பார்த்துத்தான் மேடம் எழுதுவார்.

அதனால் கவனிப்பெல்லாம் வேண்டாம், அண்ணி. கரை எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். நாய்களைக் கட்டிப் போட்டால் போதும். பாறை முனையை யாரும் தொட வேண்டாம் என்று அக்காவிடம் மட்டும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

வாலு (நானே போட்டுக்கொண்டேன்)


பிப்ரவரி 5

வாலுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. பரவாயில்லை, வேலை முடிந்துவிட்டது. நாளைக் காலை உன் மேடம் வருகிறார் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். இன்று எங்கள் கரையைப் பார்த்தால் நீ அசந்து போவாய்.

நேற்று நாங்கள் பன்னிரண்டு பேர் இறங்கினோம். குப்பை, பிளாஸ்டிக், அறுந்த வலை எல்லாம் வாரி ஒரு வண்டி. அப்புறம் பாறை. அந்த முனையில் உன் செல்லங்கள் வருஷக்கணக்கில் போய்வைத்தது ஒரு படுகை மாதிரி கிடந்தது. அக்கா பார்த்தாள். "இந்த அசிங்கத்தப் பாத்தா எந்த மேடம்தான் இதுகளக் காப்பாத்த நெனப்பாங்க? விருந்தாளி வர்றப்ப புள்ளைக்குக் கழுவி விட்டுத்தானே தூக்கிட்டு வருவோம்?" என்றாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பினாயில், பிளீச்சிங் பவுடர், தென்னை விளக்குமாறு. சாயங்காலம் வரைக்கும் தேய்த்தோம். முனையோடு விடவில்லை. வேர்ப்பக்கம், மணல் திட்டு, குளத்து மேடு, எங்கெல்லாம் கறுப்பாக இருந்ததோ அங்கெல்லாம். இப்போது அந்தப் பாறையில் இலை இல்லாமலே சாப்பிடலாம்.

உன் அண்ணன் குளத்து மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்கு இந்த வரவேற்பு?" என்றார். "ஆத்துக்கு" என்றேன்.

பெருமையாக இருக்கிறது, வாலு. உனக்காக நான் செய்த முதல் காரியம் இது. நல்ல சேதி எழுது.

அண்ணி


பிப்ரவரி 13

அண்ணி,

எதுவுமே இல்லை. ஒரு செதில்கூட இல்லை. நாள் முழுக்கத் தேடியிருக்கிறார்கள்.

"இவ்வளவு சுத்தமான ஆத்தங்கரைய நான் பாத்ததே இல்ல" என்றார் மேடம். பாராட்டித்தான் சொன்னார். பினாயில் வாசனை அவருடைய பையில்கூட இருந்தது. பெண்கள் எல்லாரும் நீர்நாய் உண்டு என்று அடித்துச் சொன்னார்களாம். எல்லா ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள், சொல்வதை வைத்து எழுத முடியாது என்கிறார்.

நடமாட்டம் இல்லை என்று எழுதப் போகிறார்கள். அண்ணன் கேட்ட சுவர் அவருக்குக் கிடைத்துவிடும்.

தொட வேண்டாம் என்று எழுதினேனே. வந்து சேர்வதற்குள் தேய்த்துவிட்டீர்களே. என்னால் மேலே எழுத முடியவில்லை.


பிப்ரவரி 20

வாலுக்கு,

உன் பிப்ரவரி மூன்றாம் தேதிக் கடிதம் பிப்ரவரி எட்டாம் தேதி வந்தது. படித்துவிட்டு மீன் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அக்காவிடம் சொன்னேன். தேய்த்துத் தேய்த்து வெந்துபோன தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் உன் கடைசிக் கடிதம் எனக்கு வலித்தது. கையெழுத்துகூடப் போடவில்லை நீ. எச்சம் சாட்சி என்று எந்த ஊர்க்காரருக்குத் தெரியும்? மையத்துக்காரர்கள் எத்தனை வருஷமாக வந்து போகிறார்கள், படகில் வருவார்கள், எதையோ குறித்துக்கொள்வார்கள், போவார்கள். கரையில் நிற்கிற எங்களிடம் "நாங்க தேடுறது இத" என்று ஒருத்தராவது சொன்னதுண்டா? நீயும்தான் சொல்லவில்லை, இந்த ஊரிலேயே பிறந்துவிட்டு. சரி, விடு. எழுதிவிட்டேன், மனசு ஆறிவிட்டது.

இப்போது ஒரு வேடிக்கை கேள். மீன் நஷ்டத்துக்கு ஈடு கேட்டு உன் அண்ணன் மீன்வள அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார், அதற்குப் பதில் வந்தது. "மேற்படி பகுதியில் நீர்நாய் நடமாட்டம் இல்லை. மீன் இழப்புக்கு வளர்ப்புமுறைக் குறைபாடே காரணமாக இருக்கலாம்."

வளர்ப்புமுறைக் குறைபாடு! உன் அண்ணனைப் பார்த்து! குஞ்சு விட்ட நாளிலிருந்து தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்க்கிற மனிதர். ஏலக்கூடத்தின் நடுவில் நின்று அந்தக் காகிதத்தை ஆட்டி, "அப்ப என் மீனயெல்லாம் தின்னது யாரு? என் மாமியாரா?" என்று கத்தினார். எங்கள் அம்மாவை எதற்கு இழுக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறானுங்க. நான் பொய் சொல்றவனா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து விடிவதற்கு முன்னால் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விடுகிறார். என்ன செய்கிறார் என்று கேட்டால் காற்று வாங்குகிறாராம்.

அண்ணி


பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணி,

என் மேல்தான் தப்பு என்று எழுதினீர்கள், அதை அப்படியே மேடத்திடம் படித்துக் காட்டினேன். ஊர்க்காரரிடம் நாம் சொல்வதே இல்லை என்ற இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் நான் பினாயில் கதையைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. நம்பியதும் மேஜையில் தலை கவிழ்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் அவரிடம் எனக்குத் தைரியமாகப் பேச வந்தது.

அலுவலகங்களுக்குப் போயிருப்பது முதல் குறிப்பு மட்டும்தான், முழு அறிக்கையில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மார்ச் முடிவதற்குள் அங்கேயிருந்து புது எச்சம் வந்து சேர்ந்தால், அதை வைத்து இன்னொரு முறை வருவேன் என்கிறார். வராவிட்டால் கையெழுத்து. அவ்வளவுதான் அவரால் முடியும்.

நீர்நாய் தன் அடையாளம் அழிந்துபோனால் சும்மா இருக்காது, அண்ணி. திரும்ப வந்து வைக்கும். இருப்பதைவிட அதிகமாகவே வைக்கும். நம் பாறையில் பினாயில் நெடி போனதும் வரும் என்றுதான் நம்புகிறேன். பயமாகவும் இருக்கிறது. பொந்தையே விட்டுப் போயிருந்தால் என்ன செய்வது? குட்டி போடும் காலம் இது.

கண்ணில் பட்டால் ஈரம் காயவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதி அனுப்புங்கள். பாதியைப் பாறையிலேயே விட்டுவிடுங்கள். அண்ணனிடம் சொல்ல வேண்டாம். அந்தச் சுவர் அவருக்கு வேண்டும். எச்சம் கண்ணில் பட்டால் அவரே கழுவிவிடுவார்.

உங்கள் வாலு


மார்ச் 10

வாலுக்கு,

உன் அண்ணனை உனக்கு இன்னும் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு நானும் அக்காவும் தினமும் பாறையைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அக்கா குடம் குடமாக ஆற்றுத் தண்ணீரை ஊற்றிப் பினாயிலைக் கழுவினாள். தேய்த்ததைக் கழுவ ஒரு வேலை. பாறையின் அந்தப் பாதியில் இனி யாரும் துணி துவைக்கக் கூடாது என்று அவளே ஒரு கோடு போட்டாள். பாதி நமக்கு, பாதி அதுகளுக்கு. சோப்புத் தண்ணீர் கோட்டைத் தாண்டினால் அவளிடம் யார் ஏச்சு வாங்குவது? எல்லாரும் தள்ளியே துவைக்கிறார்கள்.

அப்படியும் ஒன்றும் வரவில்லை. உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

முந்தாநாள் விடிந்து வெகுநேரமாகியும் அவர் கரையிலிருந்து வரவில்லை. ஏலத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். தலைவர் இல்லாமல் ஏலம் எப்படி? தேடிப் போனேன். முக்காலி காலியாக இருந்தது. அவர் வேருக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடினால், திரும்பிப் பார்த்து வாயில் விரல் வைக்கிறார்.

நானும் பக்கத்தில் படுத்தேன், வாலு. இந்த வயசில், சேற்றில். பொந்து வாசலில் ஒரு தாய், இரண்டு குட்டிகள். குட்டிகளுக்குத் தண்ணீர் பயம். ஒன்று காலை வைக்கும், எடுக்கும், கீச்சென்று கத்தும். தாய் பொறுத்துப் பார்த்தது. அப்புறம் கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டுபோய் நடுத் தண்ணீரில் விட்டுவிட்டது! குட்டி முங்கியது. நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அது மேலே வந்தபோது மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படி ஒரு கத்தல், ஊரையே திட்டுவதுபோல.

உன் அண்ணன் குலுங்கிச் சிரித்தார். சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வர. "அவளும் இப்படித்தான் கத்துனா. இதே எடத்துலதான் தூக்கிப் போட்டேன். ஜடையப் புடிச்சு இழுத்துப் போட்டேன். வெளிய வந்து என் கையக் கடிச்சா" என்றார்.

பெயரைச் சொல்லவில்லை. நானும் யார் என்று கேட்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்.

திரும்பி வரும்போது நான் சொன்னேன், இதுகள் இருக்கின்றன என்று நிரூபித்தால் சுவர் வராது, யோசித்துக்கொள்ளுங்கள் என்று. குளத்து மேடு வரைக்கும் வேகமாக நடந்தார். அங்கே நின்று, "செவுரு வந்தா அந்தக் குட்டிங்க எங்க போகும்?" என்றார். எனக்கு என்ன தெரியும்? அப்புறம் அவரே, "என்னப் பொய்யன்னு எழுதிட்டானுங்க. நான் பொய்யன் இல்லன்னு அதுகதான் சொல்லணும்" என்றார்.

இதை எழுதும்போது அவர் வாசலில் உட்கார்ந்து என்னவோ காகிதத்தில் மடித்துக்கொண்டிருக்கிறார். இன்று காலை குளத்து மேட்டில் கிடைத்ததாம். பாறையில் இன்னும் இல்லை. என்னைத் தொடவிடவில்லை. நீ எழுதியது எதையும் நான் சொல்லவில்லை. பின்னே தனித்தனிக் காகிதத்தில் மடிக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உன் கடிதங்களை நான் மீன் தட்டுக்கு அடியில் வைக்கிறேன். இனி வேறு இடம் பார்க்க வேண்டும்.

அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணி,

பொட்டலம் வந்தது. பிஸ்கட் டின். தபால்காரர் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டே கொடுத்தார். வீட்டுக்கார அம்மா, "ஊருலேருந்து பலகாரமா?" என்று பின்னாலேயே மேலே வந்தார். நான் தடுப்பதற்குள் மூடியைத் திறந்துவிட்டார். இனி அவர் என் அறைக்கு எலி தேட வரமாட்டார்.

டின்னுக்குள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஏலச்சீட்டுத் தாளில் மடித்து, நூல் கட்டி. ஒவ்வொன்றிலும் அண்ணனின் கையெழுத்து. "குளத்து மேடு, தெற்கு. காலை." "வேர்ப்பக்கம். ஈரமாக இருந்தது, காயவைத்தேன்." "சுவருக்கு அடையாளமாக அவர்கள் நட்ட கல்லின் தலையில். நான் வைக்கவில்லை, அதுவே வைத்தது." மேல் மூடியில் பெறுநர் என்ற இடத்தில் மையத்தின் பெயர் இல்லை, மேடத்தின் பெயர் இல்லை. வாலு என்று மட்டும் எழுதி, கீழே என் அறை முகவரி.

ஊறவைத்துக் கழுவினேன். வடிகட்டியில் செதில் நின்றது. ஆற்று மீனின் செதில் எனக்குத் தெரியும், இது அது இல்லை. பெரிய, தடித்த, வட்டமான கெண்டைச் செதில். தீனி போட்டு வளர்த்த மீனுக்கு வருகிற அகலமான வளையங்கள். அண்ணி, அது அண்ணனின் மீன். நான் குழாயடியில் நின்று அழுதேன். யாராவது பார்த்திருந்தால் எச்சத்தைப் பார்த்து அழுகிறாள் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பார்கள்.

அவர் சொன்னது நிஜம். அவர் மீனைத் தின்றன. நான் அந்த நஷ்டத்தைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, செத்த நீர்நாயைப் பற்றி மட்டும்தான் பேசினேன். இதை அவரிடம் சொல்லுங்கள். உங்கள் சத்தியம் என்னோடு பேசக் கூடாது என்பதுதானே, என்னைப் பற்றிப் பேசலாம் அல்லவா?

மேடம் 26ஆம் தேதி வருகிறார். இந்த முறை கரைக்கு வரும் பெண்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறார். இதோடு ஒரு காகிதம் இருக்கிறது, அது அண்ணனுக்கு. குளத்து மீனை நீர்நாய் தின்றது உறுதி, வளர்ப்பில் குறை இல்லை என்று மையத்தின் முத்திரையோடு. கம்பி வலையும் தருகிறோம். தரையில் முழம் ஆழம் புதைத்தால் தோண்டி வர முடியாது.

வாலு


ஏப்ரல் 4

வாலுக்கு,

முதலில் சேதி. வளைவில் சுவர் வராது. நட்ட கல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதைப் பிடுங்க வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே பிடுங்கினார்.

உன் மேடம் வந்தார். பாறையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முந்தின நாள்தான் குடும்பமாக வந்து முனையை நிரப்பிவிட்டுப் போயிருந்தன. அக்கா போட்ட கோட்டையும் மதிக்கவில்லை, எங்கள் பாதியிலும் வைத்திருந்தன. அக்கா விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நின்றாள், கழுவ அல்ல, யாரும் கழுவிவிடாமல் இருக்க. மேடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார். இப்போது முறை வைத்துப் பெண்கள் தினமும் பார்த்துச் சொல்கிறார்கள், எங்கே புதிது, எங்கே பழையது என்று. ஏலக்கூடத்தில் மீன் விலைக்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்கள். எங்கே போய் முடியுமோ.

சங்கக் கூட்டமும் நடந்தது. அதே நாற்காலி, அதே கூட்டம். உன் அண்ணன் எழுந்து, சுவருக்குப் போட்ட கையெழுத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "போன வருஷம் என் வலையில ஒண்ணு செத்துச்சு. அது உண்மை. குட்டிங்க பெருசாகுற வரைக்கும் வளைவுல யாரும் வலை கட்ட வேணாம். மொதல்ல நான் எடுக்கிறேன்" என்றார். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவர் முறைத்தார். மறுநாள் வளைவில் ஒரு வலைகூட இல்லை.

நீ அனுப்பிய காகிதத்தை ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார், மீன் வாங்க வருகிற ஒவ்வொருவனும் படித்த பிறகுதான் விலை. உன் கம்பி வலையைப் புதைத்தாயிற்று. வேலிக்கு வெளியே அந்தத் தாய் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனதாம். "மொறச்சிட்டுப் போகுது, உன் நாத்தனார் மாதிரியே" என்கிறார். அவருக்குத் தங்கை என்று வாயில் வராதாம், எனக்கு நாத்தனாராம்!

நேற்று மத்தியானம் தபால்காரர் வரும் நேரத்துக்கு ஏலக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "குளத்துக்குப் போகல?" என்றேன். "லெட்டர் வந்துச்சா?" என்றார். எந்த லெட்டர் என்று நான் முழித்தேன். நான் புதிதாக ஒளித்துவைத்திருந்த ஐஸ் பெட்டிக்கு அடியில் கையை விட்டு, உன் கடிதக் கட்டை எடுத்து என் மடியில் போட்டார். ஜனவரியிலிருந்து எல்லாம் படித்திருக்கிறார். "அவரே கழுவிவிடுவார்" என்று நீ எழுதியிருந்த இடத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். இனிமேல் நான் உன்னோடு போனில் பேசலாம். ஆனால் எனக்கு எழுதியே பழகிவிட்டது. அதனால் இதையும் எழுதியே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. முதல் பஸ்ஸில் வந்தால் குட்டிகள் நீந்துவதைப் பார்க்கலாம், இப்போது அதுகளை வெளியே இழுப்பதுதான் தாய்க்கு வேலை. நேராகக் கரைக்கு வா, வாசலில் நின்று யோசிக்காதே. மாற்றுத் துணி மறக்காமல் எடுத்து வா. "அவ நீச்சல் மறந்திருப்பா" என்று உன் அண்ணன் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். உன்னைத் தண்ணீரில் தள்ளாமல் விடமாட்டார்.

அண்ணி